ஊர் சாட்சி சொல்லும் பெயர்

அன்பு மருமகனுக்கு,



உன் குரல்பதிவைக் கேட்டேன். வேலை கைக்கு வந்துவிட்டது, கற்பிட்டியில் பட்டறையும் போட்டாயிற்று, ஆனால் போட் என்ஜின் பழுதானவர்கள் இன்னமும் பழைய மெக்கானிக் பாஸ்மாரிடமே போகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். கொழும்பிலிருந்து ஒருவர் பேசினாராம். மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால் பேஸ்புக்கில் ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர வைப்பாராம், உன்னைப் புகழ்ந்து நல்ல நல்ல கருத்துகளையும் அவரே எழுதிப் போடுவாராம். கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

கொடுக்காதே. அந்தக் காசில் ஒரு டோர்க் ரென்ச் வாங்கு.

புத்தளம் நகரில் இத்தனை காலமாக உதிரிப்பாகக் கடை நடத்துகிறேன். எந்த பாஸ் அசல் சாமான் கேட்கிறான், எவன் மலிவானதை வாங்கிக்கொண்டு அசல் விலையில் பில் எழுதச் சொல்கிறான் என்பது கடைக்காரனுக்குத்தான் முதலில் தெரியும். பேரெடுத்தவர்கள் எப்படி எடுத்தார்கள், இழந்தவர்கள் எதனால் இழந்தார்கள் என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் சொல்கிறேன், கேள்.

தொழிலில் ஒருவனுடைய பெயர் என்பது மற்றவர்கள் அவனுக்காகச் சொல்லும் சாட்சி. சாட்சியின் பெறுமதி அதைச் சொல்கிறவரைப் பொறுத்தது. முகம் தெரியாத பத்தாயிரம் பேர் உன்னை விரும்பினாலும் கண்டக்குழியில் வள்ளம் வைத்திருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அவர் அறிய விரும்புவது ஒன்றுதான்: இந்தப் பையன் கைவைத்த என்ஜின் நடுக்கடலில் நின்றுபோகுமா, போகாதா? அதைச் சொல்லக்கூடியவர் பக்கத்து மீன்வாடிக்காரர். அவர் இன்று வட்ஸ்அப் குழுவில் இருக்கிறார், கூகுள் வரைபடத்தில் நட்சத்திரம் போடுகிறார், ஊர்ப் பேஸ்புக் பக்கத்தில் கேள்வி கேட்கிறார். ஆகவே நீ பெயர் தேட வேண்டிய இணையம் உலகம் முழுவதும் பரந்துகிடப்பது அல்ல. உன் ஊர்க்காரர் உலவுகிற அந்தச் சின்ன வட்டம்தான். அங்கே சொல்லப்படும் பொய் அடுத்த ஜும்ஆ வரைக்கும்கூடத் தாங்காது. அதனால்தான் அங்கே கிடைக்கும் நற்பெயருக்கு அவ்வளவு மதிப்பு.

முதலில் உன்னைத் தேடப்போவது யார் என்று யோசி. நம் கரையில் மூன்று விதமானவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் மீனவர்கள் முதலாவது. அவர்களுக்கு உன் வாப்பாவைத் தெரியும், உன்னையும் மெல்ல மெல்லத் தெரிந்துகொள்வார்கள். இரண்டாவது, நீர்கொழும்பு, வென்னப்புவ, சிலாபம் பக்கமிருந்து பருவத்துக்கு வந்து வாடி போடுகிறவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று அடங்கிய பிறகு இங்கே வந்து சேரும் இவர்களுக்கு ஊர் பாஸ்மார் யாரையும் தெரியாது. என்ஜின் நின்றுவிட்டால் கைபேசியை எடுத்துத் தேடுவார்கள், பெரும்பாலும் சிங்களத்தில். மூன்றாவது, சுற்றுலாவை நம்பிப் படகு ஓட்டுகிறவர்கள். டொல்பின் பார்க்க ஆட்கள் வரும் பருவம் ஏறக்குறைய நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. களப்பில் பட்டம் கட்டி அலைச்சறுக்கு விடுகிறவர்களுக்கு மேயிலிருந்து ஒக்டோபர் வரை ஒரு காற்று, டிசம்பரிலிருந்து மார்ச் வரை இன்னொரு காற்று. அந்த முகாம்களிலும் மீட்புப் படகு உண்டு, அதற்கும் என்ஜின் உண்டு. காலை ஆறு மணிக்கு வெள்ளைக்காரர் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கவேண்டிய படகு ஐந்தரைக்கு ஸ்டார்ட் ஆகாவிட்டால், அந்த முதலாளி யாரைக் கூப்பிடுவார்? கூப்பிட்டால் போனை எடுப்பவன் என்று குழுவில் நாலு பேர் எவனைச் சொல்கிறார்களோ, அவனை.

ஆகவே முதல் வேலை, கூகுள் வரைபடத்தில் பட்டறையைப் பதிவது. அதற்குக் காசில்லை. உண்மையான கடை இதுதானா என்று பார்க்க வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுவார்கள், அனுப்பிவிடு. பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கொடு. பெயரோடு ‘இலங்கையின் தலைசிறந்த’ என்றெல்லாம் சேர்க்காதே. மணல் ஒழுங்கைக்குள் இருக்கும் பட்டறைக்கு ‘பள்ளிக்குப் பின்னால்’ என்று வழி சொன்னால் வாடிக்காரனுக்குப் புரியாது. குறியைச் சரியாக வாசலில் வை. திறக்கும் நேரம், மூடும் நேரம், வெள்ளிக்கிழமை எந்த நேரம் மூடியிருக்கும் என்பதெல்லாம் உண்மையாக இருக்கட்டும். பெருநாளுக்கு மூடினால் அதையும் போடு. முந்தலிலிருந்து ஓட்டோவில் என்ஜினை ஏற்றிக்கொண்டு வந்தவன் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த ஆளை நீ மறுபடி காணமாட்டாய்.

அடுத்தது குழுக்கள். மீனவர் சங்கத்துக் குழு, ஊர்க் குழு, மாவட்டத்துப் பேஸ்புக் பக்கங்கள் என்று எத்தனையோ. இவற்றில் நம் பொடியன்கள் செய்வது எனக்குத் தெரியும். காலையில் ஒரு சுவரொட்டி, மாலையில் அதே சுவரொட்டி. ‘சகல விதமான போட் என்ஜின்களும் குறைந்த விலையில் சிறந்த முறையில் திருத்திக் கொடுக்கப்படும்.’ அதை யாரும் வாசிப்பதில்லை. நீ தெரிந்ததைக் கொடு. கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல். உதாரணத்துக்கு இப்படி எழுது:

‘என்ஜின் ஓடும்போது பின்பக்கம் ஊசியாகப் பீய்ச்சுகிற தண்ணீரைத் தினமும் பாருங்கள். வேகம் குறைந்திருந்தால் முதலில் என்ஜினை நிறுத்திவிட்டு அந்தத் துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள், உப்போ மணலோ அடைத்திருக்கலாம். அப்படியும் வேகம் வராவிட்டால் உள்ளே இம்பெலர் தேய்ந்திருக்கும். அதோடு கடலுக்குப் போகாதீர்கள். தண்ணீர் ஏறாத என்ஜின் சூடாகிப் பிஸ்டன் பிடித்துவிடும். இம்பெலர் மாற்றுவது சின்னச் செலவு. பிஸ்டன் போனால் என்ஜினையே கழற்றவேண்டும். தண்ணீருக்கு வெளியே வைத்துச் சும்மா ஓட்டிப் பார்க்காதீர்கள், நல்ல இம்பெலரும் கருகிவிடும்.’

இவ்வளவுதான். இதிலே ‘என்னிடம் வாருங்கள்’ என்று ஒரு சொல் இல்லை. ஆனால் நம்முடைய களப்பு ஆழமில்லாதது, மணல் கிளம்பும், இம்பெலர் சீக்கிரம் தேயும். இந்தக் கரையில் வள்ளம் வைத்திருக்கிற எல்லோருக்கும் அது பயன்படும். அந்தக் கம்பியைத் துவாரத்தில் எப்படி விடுவது என்று அரை நிமிடத்தில் உன் கையைக் காட்டி ஒரு வீடியோ எடு. எழுத வாசிக்கச் சங்கடப்படுகிற பெரியவர்களுக்காகக் குரல்பதிவாகவும் போடு. அதைக் கேட்டுத் தானே சரிசெய்துகொண்டவர் அன்றைக்கு உனக்குக் காசு தரமாட்டார். பெரிய பழுது வரும் நாளில் வேறு யாரையும் நினைக்கவும் மாட்டார்.

2022 ஓகஸ்ட் மாதத்தை நீ மறந்திருக்கமாட்டாய். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. கரையில் பாதி வள்ளம் இறங்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: எண்ணெய் குடிப்பதைக் குறைக்க வழி உண்டா? காபரேட்டரைக் கழுவி, ப்ளக்கின் இடைவெளியைச் சரிபார்த்து, விசிறியின் நெளிவைத் தட்டி எடுத்து, எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்களை அந்த மீனவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. ஊர் நெருக்கடியில் இருக்கும்போது கொடுத்த அறிவுக்கு ஆயுள் அதிகம்.

இனி, மற்றவர்கள் எழுதும் கருத்துகள். வேலை முடிந்து என்ஜின் தண்ணீரில் ஓடிக் காட்டிய பிறகு, ‘திருப்தி என்றால் வரைபடத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள், இல்லையென்றால் என்னிடமே சொல்லுங்கள்’ என்று கேள். கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் மச்சான்மாரையும் கூட்டாளிகளையும் வைத்து எழுதுவிக்காதே, எழுதுவதற்காக விலையைக் குறைக்காதே. கூகுளின் விதிகளும் அதை அனுமதிப்பதில்லை என்பது இருக்கட்டும். நீ திருத்தாத என்ஜினை நீ திருத்தியதாக உன் மச்சான் எழுதினால், அந்த வள்ளம் எது என்று கரையில் ஒரு குழந்தைக்கும் தெரியும். யாராவது குறை எழுதினால் அங்கேயே வாய்ச்சண்டைக்கு நிற்காதே. முதலில் போன் எடு, என்ஜினைப் பார்க்கப் போ, சரிசெய். பிறகு அந்தக் குறைக்குக் கீழே என்ன நடந்தது, என்ன செய்தாய் என்று இரண்டு வரி எழுது. ஒரே ஒரு குறையும் அதற்குக் கண்ணியமாக எழுதிய ஒரு பதிலும், இருபது புகழ்ச்சியைவிட அதிகம் சொல்லும்.

எழுதக்கூடாதவையும் உண்டு. ஒரு மீனவனுடைய ஜிபிஎஸ் கருவியில் அவன் மீன் பிடிக்கும் இடங்கள் இருக்கும். அது அவன் வாழ்நாள் சம்பாத்தியம். என்ஜின் பார்க்கிற சாக்கில் உன் கண்ணில் அது பட்டால், அது உன்னிடம் வந்த அமானிதம். கூட்டாளியிடமும் சொல்லாதே. படம் போடும்போது வள்ளத்தின் இலக்கம், ஆளின் முகம், பின்னால் தெரியும் கருவியின் திரை எதுவும் விழாமல் பார்த்துக்கொள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வருமுன்னமே நம்மிடம் இருந்த ஒழுக்கம் இது. டொல்பினையோ திமிங்கிலத்தையோ துரத்திக்கொண்டு போகும் படகு வீடியோவை ‘நான் திருத்திய என்ஜின், பாருங்கள் வேகத்தை’ என்று போடாதே. கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கான விதிகள் 2012இலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன. அந்த மிருகம் இந்தக் கரையை விட்டுப் போனால் உன் வாடிக்கையாளரில் மூன்றிலொரு பங்கும் போய்விடும். சரிபாராத சூறாவளிச் செய்தியையும் முன்னனுப்பாதே. வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னதை மட்டும் போடு. பொய்ச் செய்தி அனுப்புகிறவன் சொல்லும் என்ஜின் யோசனையை யார் நம்புவார்கள்?

சான்றிதழ் விடயத்தையும் தள்ளிப்போடாதே. நீ பட்டறையில் பழகித்தான் தொழில் படித்தாய், வகுப்பில் இருந்து அல்ல. பரவாயில்லை. முன்பே கற்ற தொழிலைச் சோதித்து என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி நம் நாட்டில் இருக்கிறது. தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரி. செய்த வேலைகளுக்கு ஆதாரம் கேட்பார்கள். அப்போது உனக்குக் கைகொடுக்கப் போவது ஒரு கொப்பி. திகதி, என்ஜினின் வகையும் இலக்கமும், வந்த குறை, நீ கண்டது, மாற்றிய சாமான், வாங்கிய காசு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். பழைய சாமானையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம். பேஸ்புக் நாளைக்கு உன் கணக்கைப் பூட்டினாலும், குழுவின் நிர்வாகி உன்னை வெளியே போட்டாலும், அந்தக் கொப்பி உன்னிடம் இருக்கும். வெளியே எழுதும் எல்லாவற்றுக்கும் ஊற்று அதுதான்.

எழுதி வைப்பதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர். அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் விளைச்சலையும் மக்களின் வழக்கங்களையும் பற்றி விபரம் சேர்த்து, அகரவரிசையில் அடுக்கி, 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ என்று ஆங்கிலத்தில் நூலாக்கினார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. நான்கு வருடத்தில் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். 1841இல் ‘உதயாதித்தன்’ என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். சிவில் சேவையில் நுழைந்து, சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தார். தமிழ்ப் புலவர்கள் ஏறக்குறைய இருநூறு பேரின் வரலாற்றைத் ‘தமிழ் புளூட்டாக்’ என்று 1859இல் எழுதி முடித்து, அடுத்த வருடம் காலமானார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இந்த மணல்திட்டிலிருந்து ஒருவர் தீவு முழுக்க அறியப்பட்டார். காரணம், தன்னைச் சுற்றியிருந்ததை மற்றவர்களுக்குப் பயன்படும்படி ஒழுங்காக எழுதிக்கொடுத்தார்.  அவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதினார்கள்.

நம் காலத்து உதாரணமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் கட்டடக்கலைஞர். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை செய்துகொண்டே 2003இலிருந்து தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டி எழுப்பினார். சம்பளமில்லை, விளம்பரமில்லை. ஆயிரக்கணக்கில் கட்டுரைகள், வருடக்கணக்கில். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குத்தான் கொடுத்தது. அதே வழி உனக்கும் திறந்திருக்கிறது. நம் கரையின் இறங்குதுறைகளும் களப்புக்குள் இருக்கும் மணல்திட்டுகளும் வரைபடங்களில் எத்தனையோ இடத்தில் பிழையாகவோ பெயரில்லாமலோ கிடக்கின்றன. தெரிந்த நீ திருத்து.

எழுதாமல் விட்டதால் இழந்ததும் நம் கண்முன் இருக்கிறது. கற்பிட்டிக் கடலில் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் உலவுவதை நம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருப்பார்கள். 2010இல் இயற்கை எழுத்தாளர் கெஹான் டி சில்வா விஜேரத்ன, எந்த நாளில் எந்த இடத்தில் எத்தனை கண்டார் என்று குறித்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் கற்பிட்டியைத் திமிங்கிலக் கரையாகக் கவனித்தது. அவர் செய்தது நல்ல வேலை, நமக்கும் வருமானம் வந்தது. ஆனால் அதற்கு முன்பு பார்த்த நம் மீனவர் ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரிந்து எங்கும் பதிவாகவில்லை. அறிவு இருந்தது, பதிவு இல்லை. உன் தலைமுறை அப்படி விட்டுவிடக்கூடாது.

காலம் எடுக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் பருவத்தில் உன் குறிப்புகளுக்கு யாரும் நன்றிகூடச் சொல்லமாட்டார்கள். பழைய பாஸ்மாரில் சிலர் ‘முட்டையிலிருந்து வந்த குஞ்சு நமக்குச் சொல்லித்தருகிறது’ என்பார்கள். அவர்களோடு மோதாதே. அவர்கள் கை வைத்த என்ஜினைத் திறக்கும்போது ஏதாவது பிழை கண்டால், வாடிக்கையாளரிடம் குறையை மட்டும் சொல், ஆளைச் சொல்லாதே. உனக்குத் தெரியாத பழுது வந்தால் குழுவிலேயே அவர்களிடம் மரியாதையாகக் கேள், பதில் கிடைத்ததும் அவர் பெயரைச் சொல்லி நன்றி எழுது. மூத்தவர்களைப் பொதுவில் மதிக்கிற இளைஞனை அந்த மூத்தவர்களே அடுத்த வாடிக்கையாளரிடம் கைகாட்டி விடுவார்கள். எனக்குத் தெரிந்த அளவில் இந்தக் கரையில் அதைவிடப் பெரிய சிபாரிசு இல்லை.

ஆகவே இந்த வாரம் இதைச் செய். வரைபடத்தில் பட்டறையைப் பதி. கொப்பியைத் தொடங்கு. அந்தத் தண்ணீர்த் துவாரக் குறிப்பை எழுதி, தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றுமாக இரண்டு குழுவில் போடு. சிங்களத்துக்கு உன் ராத்தா உதவுவாள். கொழும்புக்காரரிடம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு. நவம்பருக்கு முன், வாடிக்காரர்கள் வந்து இறங்கும்போது, உன் கொப்பியில் இருபது பக்கமாவது நிரம்பியிருக்கட்டும். செய்யாத வேலைக்குப் பெயர் வாங்காதே, செய்த வேலையை எழுதாமல் விடாதே. உன் கை வேலையில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

அன்புடன்,
மாமா
புத்தளம்